தேசாதிபதி இல்லாத நாட்கள்: யாக்கோபு வழக்கு, எருசலேம், கி.பி. 62

கி.பி. 62-இல் யூதேயாவின் ரோமத் தேசாதிபதி பெஸ்து பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். அவர் இடத்துக்கு நீரோ பேரரசர் அல்பினுஸ் என்பவரை அனுப்பினார். அல்பினுஸ் இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில் எருசலேமில் ஒரு விசாரணை நடந்தது. இயேசுவின் சகோதரர் யாக்கோபும் வேறு சிலரும் நீதிபதிகள் முன் நிறுத்தப்பட்டார்கள். மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்தை மீறியவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டு, கல்லெறிந்து கொல்ல ஒப்புக்கொடுக்கப்பட்டார்கள். அந்த நீதிபதிகளைக் கூட்டியவர் எருசலேம் ஆலயத்தின் பிரதான ஆசாரியர் அனனுஸ். பதவிக்கு வந்து மூன்றே மாதத்தில், இதே காரணத்துக்காக, அவர் பதவியை இழந்தார்.

இவ்வளவையும் நமக்குச் சொல்பவர் ஜோசிஃபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர். 93 அல்லது 94-இல் அவர் எழுதி முடித்த ‘யூதர்களின் பழமை வரலாறு’ என்ற நூலின் இருபதாம் பகுதியில் ஒரு சின்னப் பத்தியாக இது வருகிறது. ஒரு பக்கம்கூட இருக்காது. ஆனால் ஆதிக் கிறிஸ்தவர்கள் காலத்து யூத மத அதிகாரம் எப்படி வேலை செய்தது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழக்கு வேறு இல்லை என்று நான் நினைக்கிறேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலிருந்து பெரிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கங்களில் ‘யூதர்கள்’ என்ற ஒரே சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். பிரதான ஆசாரியர், பரிசேயர், சதுசேயர் (இவை இரண்டும் அன்றைய யூத மதக் கட்சிகள்), பிரமாண அறிஞர்களான வேதபாரகர், மூப்பர் எல்லாரும் அந்த ஒரு சொல்லுக்குள் போய்விடுவார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரே மனதாக ஒரே காரியத்தைச் செய்தது போல ஒரு சித்திரம். அந்தச் சித்திரம் தவறு. அது ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக உயிருள்ள மனிதர்களுக்குத் தீங்கு செய்திருக்கிறது. யாக்கோபு வழக்கில் கொன்றவர் ஒரு யூதர். கொல்லப்பட்டவரும் யூதர். அந்தக் கொலையைத் தட்டிக் கேட்டவர்களும் யூதர்கள்தான். அதிலும் நியாயப்பிரமாண விஷயத்தில் மிகக் கறாரானவர்கள்.

அன்னாவின் வீடு

அனனுஸ் யார் என்று தெரிய வேண்டுமென்றால் அவர் அப்பாவிடம் போக வேண்டும். அப்பாவுக்கும் அதே பெயர். தமிழ் வேதாகமத்தில் ‘அன்னா’ என்று வருபவர் அவர்தான். இயேசுவைக் கைது செய்தபின் முதலில் அன்னாவிடம் கொண்டுபோனார்கள் என்று யோவான் சுவிசேஷம் சொல்கிறதே, அதே ஆள். குழப்பம் வராமல் இருக்க, அப்பாவை அன்னா என்றும் மகனை அனனுஸ் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

கி.பி. 6-இல் சிரியாவின் ரோம ஆளுநர் சிரேனியு அன்னாவைப் பிரதான ஆசாரியராக்கினார். 15-இல் இன்னொரு ரோம அதிகாரி அவரை இறக்கினார். இறக்கினாலும் செல்வாக்கு போகவில்லை. அவருடைய ஐந்து மகன்களும் ஒருவர் பின் ஒருவராக அந்தப் பதவியில் உட்கார்ந்தார்கள். வேறு எந்தப் பிரதான ஆசாரியருக்கும் இப்படி வாய்க்கவில்லை என்று ஜோசிஃபஸ் குறிப்பிடுகிறார். மருமகன் காய்பா ஏறக்குறைய 18 முதல் 36 வரை பதவியில் இருந்தார். 1990-இல் எருசலேமின் தெற்கே ஒரு கல்லறைக் குகையில், எலும்புகளை எடுத்து வைக்கும் அலங்காரக் கல் பெட்டி ஒன்று கிடைத்தது. அதில் ‘காய்பாவின் மகன் யோசேப்பு’ என்ற பொருளில் எழுதியிருந்தது. காய்பாவின் முழுப்பெயர் யோசேப்பு என்று ஜோசிஃபஸ் சொல்லியிருப்பதால், பெட்டி அவருடையதாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள்.

பழைய வழக்கப்படி பிரதான ஆசாரியர் பதவி ஆயுளுக்கும் உரியது. ஏரோது ராஜா காலத்திலிருந்து அது நியமனப் பதவியாகிவிட்டது. ஏரோதிலிருந்து கி.பி. 70-இல் ஆலயம் எரிந்தது வரை 107 ஆண்டுகளில் 28 பிரதான ஆசாரியர்கள் என்று ஜோசிஃபஸ் கணக்குத் தருகிறார். சராசரி நான்கு ஆண்டுகூட வரவில்லை. பண்டிகைக்கு அணியும் ஆசாரிய உடையைக்கூடப் பல ஆண்டுகள் ரோமர்கள்தான் அந்தோனியா கோட்டையில் பூட்டி வைத்திருந்தார்கள். பண்டிகைக்கு ஏழு நாள் முன்னால் எடுத்துக் கொடுப்பார்கள், முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கடவுள் முன் தன் மக்கள் எல்லாருக்காகவும் நிற்கிற மனிதர், உடுத்துகிற உடைக்கே அந்நியப் படையிடம் கைநீட்ட வேண்டியிருந்தது. பிற்பாடு, 45-இல், உடை யூதர்கள் பொறுப்பிலேயே இருக்கலாம் என்று கிலவுதியு பேரரசர் உத்தரவிட்டார். ஆனால் நியமிக்கிற அதிகாரம் கைமாறி இரண்டாம் அகிரிப்பாவிடம் வந்து சேர்ந்தது. அகிரிப்பா யூதேயாவின் ராஜா அல்ல. அவர் ஆண்ட பகுதிகள் வடக்கே இருந்தன. ஆலயத்தின் மேற்பார்வையும் பிரதான ஆசாரியரை மாற்றும் உரிமையும் மட்டும் அவரிடம் இருந்தன. புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகளில் கிறிஸ்தவ அப்போஸ்தலர் பவுலின் வாதத்தைக் கேட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இதே அகிரிப்பாவும் இதே பெஸ்துவும்தான்.

மக்கள் இந்தக் குடும்பங்களை எப்படிப் பார்த்தார்கள்? ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூதில் ஒரு புலம்பல் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு ஆசாரியக் குடும்பத்தையும் பெயர் சொல்லி, ‘ஐயோ’ என்று அழுகிற புலம்பல். ஒரு வீட்டாரின் தடிகளுக்காக, இன்னொரு வீட்டாரின் எழுதுகோல்களுக்காக, வேறொரு வீட்டாரின் முஷ்டிகளுக்காக. அன்னாவின் வீட்டார் பற்றி வருவது அவர்களுடைய ‘கிசுகிசுப்பு’. அதாவது ரகசியமாகக் கூடிச் செய்கிற சதி என்று பொருள் கொள்கிறார்கள். கடைசியில், அவர்களே பிரதான ஆசாரியர், மகன்கள் பொக்கிஷக்காரர், மருமகன்கள் மேற்பார்வையாளர், வேலைக்காரர்கள் தடியெடுத்து மக்களை அடிக்கிறார்கள் என்று அந்தப் புலம்பல் முடிகிறது. ஜோசிஃபஸும் இதையே வேறு விதமாகச் சொல்கிறார். 62-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரிய ஆசாரியக் குடும்பத்து ஆட்கள் களத்துக்கே போய், ஏழை ஆசாரியர்களுக்குச் சேர வேண்டிய தசமபாகத் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) தானியத்தை அடித்துப் பிடுங்கினார்களாம். அந்தப் பங்கையே நம்பியிருந்த சில ஆசாரியர்கள் பட்டினியில் செத்தார்களாம். இது யாக்கோபு பத்திக்கு அடுத்த சில வரிகளிலேயே வருகிறது. அந்தப் பத்தியை மட்டும் தனியாக வெட்டியெடுத்து மேற்கோள் காட்டுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

எந்தப் பிரமாணத்தை மீறினார்?

இந்த வழக்கில் என்னை உறுத்துகிற கேள்வி இதுதான். யாக்கோபு நியாயப்பிரமாணத்தை மீறினார் என்பது குற்றச்சாட்டு. ஆனால் ஆதிக் கிறிஸ்தவத் தலைவர்களிலேயே பிரமாணத்தை விடாமல் பிடித்திருந்தவர் என்று பெயரெடுத்தவர் அவர். பவுல் எருசலேமுக்கு வந்தபோது, நீயும் பிரமாணத்தைக் கைக்கொள்கிறவன் என்று எல்லாரும் தெரிந்துகொள்ளும்படி ஆலயத்தில் சுத்திகரிப்பு செய், பொருத்தனை பண்ணியவர்களுக்கான செலவையும் ஏற்றுக்கொள் என்று யாக்கோபின் கூட்டத்தார் சொன்னார்கள். அந்தியோகியாவில் யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் ஒதுங்கிக்கொண்டார் என்று பவுலே கோபமாக எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவரை ஆலயத்தின் நிழலிலேயே பிரமாண மீறலுக்காகக் கொன்றார்கள் என்றால்?

ஜோசிஃபஸ் குற்றத்தின் விவரம் தரவில்லை. கல்லெறி தண்டனைக்குரிய குற்றங்கள் என்று தோராவில், அதாவது நியாயப்பிரமாண நூலில், உள்ளவற்றில் தேவதூஷணமும், ஜனங்களை வழிவிலகச் செய்வதும் உண்டு. அவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அனனுஸ் எந்தக் கட்சி என்று ஜோசிஃபஸ் அங்கேயே சொல்லிவிடுகிறார்: சதுசேயர். தீர்ப்பு சொல்வதில் மற்ற எல்லா யூதர்களையும்விடக் கடுமையானவர்கள் என்றும் சேர்க்கிறார். சதுசேயர் எழுதப்பட்ட பிரமாணத்தை மட்டும் ஏற்றார்கள். பரிசேயரின் முன்னோர் மரபை ஏற்கவில்லை, உயிர்த்தெழுதலையும் ஏற்கவில்லை. யாக்கோபின் கூட்டத்துக்கோ உயிர்த்தெழுதல்தான் அடித்தளம். அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுருவையும் யோவானையும் முதலில் பிடிப்பவர்கள் ஆசாரியரும் சதுசேயரும்தான். பிறகு அப்போஸ்தலர்களை மறுபடி பிடித்தபோது, அவர்களைக் கொல்ல வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று யூதத் தலைவர்களின் மன்றமான சங்கத்தில் எழுந்து பேசியவர் கமாலியேல் என்ற பரிசேயர். பவுல் விசாரணையிலும் இதே பிளவு வெளிப்படுகிறது. உயிர்த்தெழுதல் என்ற பேச்சு வந்ததும் சங்கம் இரண்டாகப் பிரிந்து, பரிசேயர் பக்கத்து வேதபாரகர்கள் எழுந்து, இந்த மனிதனிடம் ஒரு பொல்லாங்கும் காணோம் என்கிறார்கள்.

நான்காம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியு இன்னொரு கோணம் தருகிறார். பவுல் இராயனுக்கு அபயமிட்டு (ரோமப் பேரரசரிடம் முறையிட்டு) ரோமுக்குப் போய்விட்டதால், கை நழுவிய கோபத்தை யாக்கோபின் மேல் திருப்பினார்கள் என்கிறார். நடந்திருக்கக்கூடியதுதான். என் கருத்தில் தசமபாகச் சண்டையையும் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும். ஏழைகளின் பக்கம் நின்ற, ஆலய வட்டாரத்திலேயே மதிப்புப் பெற்ற ஒரு மனிதர் அந்த நாட்களில் அனனுஸ் வீட்டாருக்கு இடைஞ்சலாக இருந்திருப்பார். இது என் ஊகம்தான், ஜோசிஃபஸ் சொன்னதல்ல.

தட்டிக் கேட்டவர்கள்

இனி வருவதுதான் இந்தப் பத்தியின் உயிர். நகரத்தில் நியாய உணர்வு மிக்கவர்களாகவும் சட்டங்களில் கறாரானவர்களாகவும் கருதப்பட்டவர்கள் இதைப் பொறுக்கவில்லை என்கிறார் ஜோசிஃபஸ். அந்தக் ‘கறார்’ என்பதற்கு அவர் போடுகிற கிரேக்கச் சொல்லை வேறு இடங்களில் பரிசேயருக்கே உரிய அடையாளமாகப் பயன்படுத்துகிறார். அதனால்தான் இவர்கள் பரிசேயர்கள், அல்லது அவர்களில் பெரும்பாலோர் பரிசேயர்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கொள்கிறார்கள். பெயரைச் சொல்லாமல் ஏன் சுற்றி வளைத்தார் என்று கேட்டு இதை மறுப்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் பரிசேயர் தண்டனை விஷயத்தில் இயல்பாகவே இரக்கமுள்ளவர்கள் என்று அதே நூலின் பதின்மூன்றாம் பகுதியில் அவர் எழுதியிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் பெரிதாக இல்லை.

அவர்கள் இரண்டு வேலை செய்தார்கள். அகிரிப்பாவுக்கு ரகசியமாக ஆளனுப்பி, அனனுஸ் இனி இப்படிச் செய்யாதபடி கட்டளையிடுங்கள், அவர் செய்த முதல் காரியமே முறையல்ல என்று சொல்லச் சொன்னார்கள். அப்புறம், அவர்களில் சிலர் அலெக்சாந்திரியாவிலிருந்து வந்துகொண்டிருந்த அல்பினுஸை வழியிலேயே போய்ச் சந்தித்தார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் சங்கத்தைக் கூட்ட அனனுஸுக்கு அதிகாரம் இல்லை என்று எடுத்துச் சொன்னார்கள்.

‘ரகசியமாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பயம் இருந்திருக்கிறது. தடியோடு வேலைக்காரர்களை அனுப்புகிற வீடு அது. கொல்லப்பட்டவர் இவர்கள் கூட்டத்து ஆளும் இல்லை. அவர் சகோதரரைக் கிறிஸ்து என்று இவர்கள் ஏற்கவும் இல்லை. ஆனாலும் போனார்கள்.

பிரமாணத்தில் கறாரானவர்கள் என்றால் தண்டனையில் கொடூரமானவர்கள் என்று நாம் தன்னிச்சையாக நினைத்துக்கொள்கிறோம். யூத மரபில் அது நேர்மாறு. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட, யூதச் சட்ட மரபின் தொகுப்பான மிஷ்னாவைப் பாருங்கள். மரண தண்டனை வழக்குக்கு 23 நீதிபதிகள் வேண்டும். விடுதலைத் தீர்ப்பை அன்றே சொல்லலாம், குற்றவாளி என்ற தீர்ப்பை அடுத்த நாள்தான் சொல்ல வேண்டும். அதனாலேயே ஓய்வுநாளுக்கு முந்தின நாள் இப்படிப்பட்ட வழக்கை எடுக்கக் கூடாது. தண்டனை நிறைவேற்ற அழைத்துப் போகும்போதும், இவருக்காகப் பேச ஏதாவது இருப்பவர் வந்து சொல்லுங்கள் என்று ஒருவர் முன்னால் கூவிக்கொண்டு போக வேண்டும். ஏழு ஆண்டில் ஒருவரைக் கொன்ற சங்கம் ‘நாசகாரச் சங்கம்’ என்று அங்கே ஒரு வாக்கு இருக்கிறது. எழுபது ஆண்டில் ஒருவர் என்றாலே அந்தப் பெயர்தான் என்கிறார் ஒரு ரபி. நாங்கள் அந்தச் சங்கத்தில் இருந்திருந்தால் ஒருவர்கூட ஒருபோதும் கொல்லப்பட்டிருக்க மாட்டார் என்கிறார்கள் ரபி தர்ஃபோனும் ரபி அகிவாவும்.

மிஷ்னா தொகுக்கப்பட்டது யாக்கோபு இறந்து ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்குப் பின். 62-இல் இந்த விதிகள் எல்லாம் எழுத்துக்கு எழுத்து நடைமுறையில் இருந்தன என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மனப்போக்கு ஒரே நாளில் முளைத்ததல்ல. அல்பினுஸை எதிர்கொண்டு போனவர்களிடம் அதன் வேர் இருந்தது.

சட்டப் புள்ளி

அனனுஸ் மீறியது எதை? இங்கே ஆய்வாளர்கள் பிரிகிறார்கள். யோவான் சுவிசேஷத்தில், இயேசுவை விசாரித்த ரோம அதிகாரி பிலாத்துவிடம் யூதத் தலைவர்கள், ஒருவனையும் மரண ஆக்கினை செய்ய எங்களுக்கு அதிகாரம் இல்லை என்கிறார்கள். யூதேயா ரோமின் நேரடி ஆட்சிக்கு வந்த கி.பி. 6-இலேயே முதல் தேசாதிபதி கொப்போனியு மரண தண்டனை வழங்கும் அதிகாரத்தோடுதான் வந்தார். விதிவிலக்காக, ஆலயத்தின் உள் வளாகத்துக்குள் நுழையும் அந்நியரைக் கொல்வதை ரோமர்கள் பொறுத்துக்கொண்டார்கள்; அந்த எச்சரிக்கையைக் கிரேக்கத்தில் பொறித்த கல் 1871-இல் கிடைத்தது. அப்படியானால் அனனுஸின் குற்றம் ரோமின் கத்தியைத் தன் கையில் எடுத்தது என்று ஒரு தரப்பு சொல்கிறது. ஜோசிஃபஸ் சொல்வது கொன்றதைப் பற்றி அல்ல, கூட்டியதைப் பற்றி என்று மறுதரப்பு பதில் சொல்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மூலத்தில் ‘அந்தச் சங்கம்’ என்று இல்லை, ‘நீதிபதிகளின் ஒரு சங்கம்’ என்றுதான் இருக்கிறது. நிலையாக இருந்த ஒரு பெரிய மன்றத்தை முறைப்படி கூட்டினார் என்பதைவிட, தனக்கு வேண்டியவர்களைப் பொறுக்கி உட்கார வைத்தார் என்று படிக்க இடமிருக்கிறது. முதல் காரியமே முறையல்ல என்ற புகாருக்கும் அது பொருந்துகிறது.

விளைவு வேகமாக வந்தது. அல்பினுஸ் கோபமாகக் கடிதம் எழுதி, தண்டிப்பேன் என்று மிரட்டினார். அகிரிப்பா அதற்குள் அனனுஸை நீக்கி, தம்னேயுவின் மகன் இயேசு என்பவரை நியமித்தார். (அந்தக் காலத்தில் எருசலேமில் இயேசு என்பது சர்வ சாதாரணமான பெயர்.) அவ்வளவுதான். கொலைக்காக யாரும் தண்டிக்கப்பட்டதாகச் செய்தி இல்லை. அல்பினுஸும் நீதிமான் அல்ல. காசு வாங்கிக்கொண்டு கைதிகளை விட்டவர் என்று ஜோசிஃபஸே எழுதுகிறார்.

அதே 62-இன் இலையுதிர் காலத்தில், கூடாரப் பண்டிகையின்போது, அனனியாவின் மகன் இயேசு என்ற நாட்டுப்புறத்தார் ஒருவர் ஆலயத்தில் நின்று, எருசலேமுக்கு ஐயோ என்று கத்த ஆரம்பித்தார். தலைவர்கள் அவரை அடித்தார்கள். ஆனால் விசாரித்துக் கொல்லவில்லை. அல்பினுஸிடம் கொண்டுபோனார்கள். எலும்பு தெரிய அடித்தபிறகும் அவர் கெஞ்சவில்லை, அழவில்லை. பைத்தியம் என்று சொல்லி அல்பினுஸ் விட்டுவிட்டார். யாக்கோபு வழக்கு கற்பித்த பாடம் அந்தத் தலைவர்களுக்கு நினைவிருந்தது போல எனக்குத் தோன்றுகிறது.

சாட்சியை எவ்வளவு நம்பலாம்?

ஜோசிஃபஸின் பதினெட்டாம் பகுதியில் இயேசுவைப் பற்றி வரும் புகழ்பெற்ற பத்தியில் பிற்காலக் கிறிஸ்தவக் கை பட்டிருக்கிறது என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. யாக்கோபு பத்தி அப்படியல்ல. ‘கிறிஸ்து எனப்படுகிற இயேசுவின் சகோதரர்’ என்று ஒட்டாமல் சொல்லிவிட்டுப் போகிறார். பக்தியுள்ள கிறிஸ்தவர் சேர்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். பத்தியின் நோக்கமே அனனுஸ் ஏன் பதவி இழந்தார் என்று சொல்வது. அதோடு ஜோசிஃபஸ் 37-இல் பிறந்த எருசலேம் ஆசாரியக் குடும்பத்துப் பிள்ளை. சம்பவம் நடந்தபோது அவருக்கு ஏறக்குறைய 25 வயது.

கிறிஸ்தவ மரபில் பரவியதோ வேறு கதை. இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ எழுத்தாளர் எகெசிப்பு எழுதியது, யூசேபியு வழியாக நமக்குக் கிடைக்கிறது. யாக்கோபு எந்நேரமும் மண்டியிட்டு ஜெபித்ததால் முழங்கால்கள் ஒட்டகத்தின் முழங்கால் போலக் காய்த்துப்போயிருந்தன. ஆலயத்து உப்பரிகையிலிருந்து அவரைத் தள்ளினார்கள், சாகாததால் கல்லெறிந்தார்கள், கடைசியில் துணி வெளுக்கிற ஒருவர் தடியால் தலையில் அடித்தார். இந்தக் கதையில் கொன்றவர்கள் வேதபாரகரும் பரிசேயரும். சதுசேயர் அனனுஸ் காணாமல்போய்விட்டார். தட்டிக் கேட்டவர்களே குற்றவாளிகளாகிவிட்டார்கள்!

இது எப்படி நடந்திருக்கும்? எகெசிப்பு எழுதியபோது ஆலயம் இல்லை, ஆசாரிய ஆட்சி இல்லை, சதுசேயர் இல்லை. எஞ்சியிருந்தவர்கள் பரிசேய மரபில் வந்த ரபிகள். கிறிஸ்தவர்கள் அன்றாடம் வாதாடியது அவர்களோடு. தங்கள் காலத்து எதிராளியின் முகத்தைப் பழைய கொலைக்குப் பொருத்திவிட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் கதைக்குள்ளேயும் ஒரு ஆசாரியர் குறுக்கே வருகிறார். ரேகாபின் வம்சத்தார் என்கிறது கதை. கல்லெறிகிறவர்களைப் பார்த்து, நிறுத்துங்கள், என்ன செய்கிறீர்கள், நீதிமான் உங்களுக்காக ஜெபிக்கிறார் என்று கத்துகிறார்.

அனனுஸ் விஷயத்திலும் ஜோசிஃபஸுக்கு இரண்டு மனம். யாக்கோபு பத்தியில் அவர் துணிச்சல்கார முரடர். அதற்குச் சுமார் பதினைந்து ஆண்டுகள் முன் எழுதிய போர் வரலாற்றிலோ அவரை நீதிமான், மக்களாட்சியை விரும்பியவர், ஒப்பற்ற பேச்சாளர் என்று கொண்டாடுகிறார். 66-இல் ரோமுக்கு எதிரான கலகம் தொடங்கியபோது எருசலேமின் பொறுப்பை ஏற்ற இருவரில் ஒருவர் இதே அனனுஸ். கமாலியேலின் மகன் சீமோன் என்ற முன்னணிப் பரிசேயரும் அப்போது அவரோடு சேர்ந்து வேலை செய்தார். ஆகவே பரிசேயர் எல்லாரும் நல்லவர், சதுசேயர் எல்லாரும் கெட்டவர் என்று இன்னொரு எளிய சித்திரம் வரையவும் இந்த வழக்கு இடம் தரவில்லை.

67–68 குளிர்காலத்தில், நகரைப் பிடித்துக்கொண்ட தீவிரவாதிகளான செலோத்தியரை அனனுஸ் எதிர்த்தார். அவர்கள் யூதேயாவுக்குத் தெற்கே வாழ்ந்த இதுமேயரை உதவிக்கு அழைத்தார்கள். ஒரு புயல் இரவில் வாசல் திறக்கப்பட்டது. விசாரணை ஏதும் இல்லாமல் அனனுஸைக் கொன்று, உடலை உடையில்லாமல் வீசிவிட்டுப் போனார்கள். தண்டிக்கப்பட்டுச் சிலுவையில் தொங்குகிறவர்களைக்கூடச் சூரியன் மறைவதற்குள் இறக்கி அடக்கம் செய்கிற மக்கள் யூதர்கள் என்று ஜோசிஃபஸ் அந்த இடத்தில் எழுதுகிறார். அனனுஸுக்கு அடக்கம் இல்லை.